கிளிநொச்சியில் மூன்று நாள் கொரிந்தியர் வகுப்பு: ஒரு மதிப்பீடு

கடந்த லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில், கிளிநொச்சியில் ஓர் ஆலய மண்டபத்தில் நடந்த மூன்று நாள் வேதாகம வகுப்புக்கு, விசுவமடுப் பக்கத்திலுள்ள எங்கள் சிறு சபையிலிருந்து நால்வர் போயிருந்தோம். தலைக்கு 1,500 ரூபா; மதியச் சாப்பாடும் தேநீரும் அதற்குள் அடக்கம். சபைப் பிரிவினையும் ஆவிக்குரிய முதிர்ச்சியும் என்ற தலைப்பைப் பார்த்தபோது, வழமையான ஒற்றுமைப் பிரசங்கமாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். ஆயினும் போகவேண்டிய தேவை எங்களுக்கு இருந்தது. முன்னாள் போதகரின் ஆட்கள், இப்போதைய போதகரின் ஆட்கள் என்று எங்கள் சபை இரண்டாகி ஒன்றரை வருடமாகிறது. வெளிநாட்டுக் காசில் போட்ட கூரைக்கு யாருடைய பெயரைக் கல்லில் பொறிப்பது என்று தொடங்கிய பேச்சு, திருவிருந்துக்கு முழந்தாளிடும்போதுகூடப் பக்கத்தில் யார் என்று பார்த்து இடம் மாறும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

முதல் நாள் வகுப்புக்கே கொடுத்த காசு தகும். பவுல் ஏறத்தாழ கி.பி. 55இல் எபேசுவிலிருந்து கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தை (கடிதத்தை), அந்தச் சபையில் சண்டைகள் உண்டு என்று குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் கொண்டுவந்த செய்தியிலிருந்து ஆசிரியர் தொடங்கினார். பவுலின் கட்சி, அங்கே ஊழியம் செய்த இன்னொரு போதகரான அப்பொல்லோவின் கட்சி, கேபா எனப்படும் பேதுருவின் கட்சி என்பவற்றை நாங்கள் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் உடனே கடைசி அதிகாரத்தைத் திருப்பச் சொல்லி, 16:12ஐ வாசிக்க வைத்தார். அங்கே அப்பொல்லோவைக் கொரிந்துவுக்குப் போகும்படி மிகவும் வேண்டிக்கொண்டவரே பவுல்தான். அப்பொல்லோவுக்குத்தான் அப்போது மனமில்லை. தலைவர்கள் இருவருக்குமிடையில் பகையில்லாதபோது, அவர்கள் பெயரால் பின்னால் நின்றவர்களே சண்டை பிடித்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு போதகர்களும் இன்றைக்கும் தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொள்கிறவர்கள் என்பது நினைவுக்கு வந்து, நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

மூன்றாம் அதிகாரத்தை இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வைத்து விளக்கியது வன்னிக்கென்றே செய்த பாடம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானித்த பிறகும், வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் தன் முறை முடிந்தும் தண்ணீரை மறித்து வைத்திருந்தால் கடைவயல் காய்ந்துபோகும். அவ்வளவு அதிகாரம் உள்ளவராலும் ஒரு நெற்கதிரைக்கூட விளைவிக்க முடியாது. நட்டவனும் நீர்பாய்ச்சியவனும் ஒன்றுமில்லை, விளையச்செய்தவர் தேவனே என்று பவுல் எழுதியதை அன்றுதான் ஒரு கமக்காரனாகக் கேட்டேன். விசுவாசத்தில் குழந்தைகளுக்குப் பால், வளர்ந்தவர்களுக்குப் போஜனம் என்று பவுல் காட்டும் வேறுபாட்டையும் ஆசிரியர் நன்றாகத் தொட்டார். ஞானஸ்நானம் எடுத்து நாற்பது வருடமானாலும், பொறாமையும் வாக்குவாதமும் இருக்கும்வரை அந்த நிருபத்தின் கணக்கில் நாம் குழந்தைகளே.

இரண்டாம் நாள் பதினோராம் அதிகாரம். கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்கள் பசியோடிருந்ததைப் பவுல் கண்டிக்கும் பகுதியை முடித்துக்கொண்டு வெளியே வந்தால், விரிப்புப் போட்ட மேசையில் ஆசிரியர்களுக்கும் வெளியூர் விருந்தினருக்கும் பீங்கான் கோப்பைகளில் கோழிக்கறி. எங்களுக்கு வெயிலில் வரிசை, பருப்பும் கத்தரிக்காயும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, "ஐயா, கொரிந்துவிலயும் மேசை இப்பிடித்தான் போட்டவையோ?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். சிலர் சிரித்தார்கள். பாடம் எடுத்தவர் மட்டும் கோப்பையோடு எழுந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றார். மூன்றாம் நாளும் அந்த மேசை அதே இடத்தில்தான் இருந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுப்பதைப் பற்றிய ஆறாம் அதிகாரத்தை நேரமில்லை என்று தாண்டிவிட்டார்கள். சபைச் சொத்துக்காக நீதிமன்றப் படியேறிய கதைகள் தெரிந்த எங்களுக்கு அதுவே முதலில் வேண்டியிருந்தது. கணக்கு விவரம் கேட்பதும் பிரிவினையா என்று ஓர் இளைஞர் கேட்டபோது, எல்லாவற்றையும் மறந்து ஜெபிப்போம் என்ற பதிலே கிடைத்தது. உத்தமர்கள் யாரென்று தெரியும்படிக்குப் பேதங்களும் உண்டாகவேண்டியதே என்று 11:19இல் பவுலே எழுதியிருக்க, அந்த வசனத்தின் முன் நிற்காமல் கடந்தது எனக்குச் சரியாகப்படவில்லை. குற்றஞ்செய்த சகோதரனிடம் முதலில் தனியே போகச் சொல்லும் மத்தேயு 18க்கு இருபது நிமிடங்களே ஒதுக்கப்பட்டன. தகரக் கூரையின் கீழ் பங்குனி வெயில் வேறு. கையேட்டின் எழுத்து வயதானவர்களால் வாசிக்க முடியாத அளவு சிறியது.

அறுவடைக்குப் பிறகு 12 முதல் 14 வரையான அதிகாரங்களுக்கு இன்னொரு வகுப்பு வைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். நான் மறுபடியும் போவேன். இம்முறை எங்களோடு அந்தப் பக்கத்தாரில் இருவரையும் கூட்டிப்போவதாகப் பேசியிருக்கிறோம். ஒருவர் சம்மதித்துவிட்டார், மற்றவர் கல்லின் விஷயம் முடியட்டும் என்கிறார்.