தலைவரா, கூட்ட அறையா, பழைய காயமா: நெல்லைச் சீமை மோதல்களுக்கு எந்த உளப்பகுப்பாய்வு பொருந்தும்?

ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவுநாள், செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்தநாள். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிக் கூட்டம் கூடத் தடை உத்தரவு வருவது நெற்கட்டும்செவல் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வாய்மொழி வரலாற்றில் பூலித்தேவன் பாளையக்காரர், ஒண்டிவீரன் அவருடைய படைத்தளபதி. ஒரே படையில், ஒரே எதிரிக்கு எதிராக நின்ற இருவரைக் கொண்டாட வருகிற இரு சாதிக்காரர்களுக்கு நடுவே இன்று போலீஸ் நிற்க வேண்டியிருக்கிறது. "எல்லாம் ஓட்டு அரசியல்" என்று இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. தூண்டுகிறவருக்கு ஓட்டு வேண்டும் என்பது புரிகிறது. தூண்டினால் ஏன் இவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்பதுதான் மிச்சக் கேள்வி.

அந்த மிச்சக் கேள்விக்கு, நமக்கே தெரியாத மன ஆழத்தில் காரணம் தேடும் உளப்பகுப்பாய்வில் மூன்று பெரிய பதில்கள் இருக்கின்றன: அந்தத் துறையைத் தொடங்கிய ஃப்ராய்ட், பிறகு வந்த பியோன், வோல்கன். மூன்றும் வெளிநாட்டில் பிறந்தவை. மூவரும் ஒரே பொருளைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு மூன்றையும் கலந்து பேசுவதில்தான் குழப்பம் வருகிறது. ஃப்ராய்ட் கூட்டம் கூடும் கணத்தைப் பார்த்தார். பியோன் பத்துப் பேர் உட்கார்ந்த அறையைப் பார்த்தார். வோல்கன் தலைமுறைகளைப் பார்த்தார். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் கெட்டுப்போகும்.

ஃப்ராய்ட்: தலைவரோடு கட்டிய முடிச்சு

1921ல் ஃப்ராய்ட் சொன்னது இது. கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும், தன்னைத்தானே அளந்துகொள்ளும் இலட்சியத்தின் இடத்தில் ஒரே தலைவரை வைத்துவிடுகிறார்கள். எல்லோருடைய மனத்திலும் அந்த இடத்தில் அதே ஆள் இருப்பதால்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் உறவாகிறார்கள். அவர் காட்டிய உதாரணங்கள் கிறிஸ்தவத் திருச்சபையும் ராணுவமும். தலைவர் போய்விட்டால் பீதி, பிறகு சிதறல் என்பது அவர் கணிப்பு.

இந்தக் கணிப்பை உரசிப் பார்க்கத் திருநெல்வேலியில் நல்ல சான்று இருக்கிறது. 1908 மார்ச் 12ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெல்லையில் அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தலைவரைப் பிடித்துக்கொண்டு போனதும் கூட்டம் பயந்து கலையவில்லை, கொதித்தது. ஆனால் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது வரவேற்க வந்தவர்கள் சொற்பம். முதல் பாதியில் ஃப்ராய்ட் தவறினார், இரண்டாம் பாதியில் பலித்தார் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இடைப்பட்ட நாலேமுக்கால் ஆண்டில் கைதுகளும் தண்டனைகளும் நடந்தன, ஊருக்குத் தண்டனையாக நிறுத்திய கூடுதல் போலீஸின் செலவு ஊரார் தலையிலேயே விழுந்தது, 1911ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கெடுபிடி இறுகியது. போலீஸ் கெடுபிடியே விளக்கிவிடும் ஒன்றுக்கு மனத்தின் ஆழத்தில் காரணம் தேடுவது உளப்பகுப்பாய்வு படித்தவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

ஃப்ராய்டின் இன்னொரு கருத்து இந்த மண்ணுக்கு இன்னும் நெருக்கம்: பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள், பெரும்பாலும் ஒரே மாதிரி வாழ்கிறவர்கள், தங்களுக்கு இடையிலான சின்னச் சின்ன வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டே அதிகம் மோதுகிறார்கள். ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும், ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் அவர் காட்டிய ஜோடிகள். இங்கேயும் இரு தரப்புக்கும் அதே சுடலைமாடன், அதே கொடை (கோயில் திருவிழா), அதே வில்லுப்பாட்டு. சண்டை வருவது யார் கையில் முதல் திருநீறு, சப்பரம் எந்தத் தெருவுக்குள் நுழையலாம் என்பதில். ஆனால் இதைச் "சின்ன" வேறுபாடு என்பது யார்? தெருவுக்குள் சப்பரம் வராமலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவருக்கு அது சின்ன விஷயமே இல்லை. ஃப்ராய்டின் இந்தக் கருத்தைச் சம நிலையில் இருக்கும் இரு சாதிகளுக்கு இடையே பயன்படுத்தலாம். மேல் கீழ் என்று அடுக்கப்பட்டவர்களிடம் பயன்படுத்தினால் அது கீழே இருப்பவரின் வாயை அடைக்கும் வேலையைச் செய்யும்.

பியோன்: தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டத்துக்கு

வில்ஃப்ரட் பியோன் 1897ல் வட இந்தியாவின் மதுராவில் பிறந்தவர், முதல் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரி. இரண்டாம் போரின்போது நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் அவர் தொடங்கிய குழு முயற்சி ஆறே வாரத்தில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் குழுவைப் பற்றிய அவருடைய சிந்தனை அங்கேதான் வேர்விட்டது. எந்தக் குழுவும் எடுத்துக்கொண்ட வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, தனக்குத் தெரியாமல் மூன்று மனநிலைகளில் ஒன்றுக்குள் வழுக்கி விழும் என்றார்: ஒருவர் நம்மைக் காப்பாற்றுவார் என்று சார்ந்திருப்பது, எதிரியை அடிப்பது அல்லது ஓடுவது, இனி வரப்போகும் ஏதோ ஒன்று மீட்கும் என்று காத்திருப்பது.

கலவரத்துக்குப் பிறகு தாலுகா ஆபீசில் கூட்டும் சமாதானக் கூட்டத்தைக் கவனித்தால் மூன்றையும் ஒரே மணி நேரத்தில் பார்க்கலாம். மேசைக்குப் பின்னால் தாசில்தார், பக்கத்தில் இன்ஸ்பெக்டர், எதிரே தரப்புக்கு ஐந்தாறு பேர். "அய்யா என்ன சொல்லுதீயளோ அதக் கேட்டுக்கிடுதோம்" என்றால் முதல் மனநிலை. "வெளியூர்ப் பயலுவதான் வந்து கெடுத்துப்புட்டானுவ" என்று இரு தரப்பும் அறையில் இல்லாத மூன்றாமவர் மேல் பாய்ந்தால் இரண்டாவது. "புதுக் கலெக்டர் வரட்டும், தேர்தல் முடியட்டும்" என்றால் மூன்றாவது. மூன்றிலும் அறைக்குள் அமைதி இருக்கும், எல்லோரும் தலையாட்டுவார்கள், கையெழுத்தும் விழும். வேலை மட்டும் நடந்திருக்காது.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. கூட்டத்தின் வேலையை ஒரே வாக்கியத்தில் பலகையில் எழுத வேண்டும். "அமைதி நிலவ வேண்டும்" என்பது வேலை இல்லை. "ஆடிக் கொடையில் சப்பரம் எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு" என்பது வேலை. எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சு மேடைப்பேச்சாகிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் முடித்து, அடுத்த தேதியைக் கலையும் முன்பே குறிக்க வேண்டும். ஆட்களை மாற்றக் கூடாது.

பியோன் வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. அவர் முறையில் குழுவை நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்லாமல், நடப்பதை மட்டும் எடுத்துச் சொல்வார். லண்டன் மருத்துவமனைக்கு அது சரி. சாதி அடுக்கு உள்ள அறையில் அதிகாரி மௌனமானால் அந்த இடத்தைப் பெரும்பான்மையும் நிலமும் உள்ள தரப்பு உடனே நிரப்பிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் எதுவும் இந்த மேசையில் பேசித் தீர்க்கப்படாது என்பதை அதிகாரி முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வோல்கன்: துக்கம் முடியாத காயம்

மூவரில் நமக்கு அதிகம் உதவுகிறவரும், அதிகம் வழிதவறச் செய்யக்கூடியவரும் வமிக் வோல்கன். 1932ல் சைப்ரஸின் நிக்கோசியாவில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 1977 நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில், நம்மிடையே இருப்பது ஓர் உளவியல் சுவர், மொத்தப் பிரச்சினையில் 70 சதவீதம் அதுதான் என்று பேசினார். அதைத் தொடர்ந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முன்னின்று நடத்திய அரபு–இஸ்ரேல் உரையாடல்களில் வோல்கன் தேறினார். பிறகு எஸ்டோனியருக்கும் ரஷ்யருக்கும் நடுவே பல ஆண்டு வேலை செய்தார்.

அவர் தரும் படம் ஒரு பெரிய கூடாரம். ஒவ்வொருவருக்கும் சொந்தச் சட்டை ஒன்று, அதோடு எல்லோருக்கும் பொதுவான கூடாரத் துணி. நடுக்கம்பம்தான் தலைவர். காற்றில் துணி ஆடாதவரை யாரும் அதை நினைப்பதில்லை. ஆடத் தொடங்கினால் சொந்தச் சட்டையை மறந்து எல்லோரும் துணியைப் பிடிப்பார்கள். துணியில் இரண்டு வகைச் சித்திரங்கள் உண்டு: முன்னோரின் வெற்றி, முன்னோர் பட்ட அவமானம். இரண்டாவதுதான் வலுவானது. ஒரு தலைமுறை துக்கம் கொண்டாடி முடிக்க முடியாத இழப்பை அடுத்த தலைமுறையிடம் செய்யவேண்டிய வேலையாக ஒப்படைத்துவிடுகிறது. இதை "தேர்ந்துகொண்ட காயம்" எனலாம். பதற்றம் வரும்போது நடுவில் உள்ள காலம் சரிந்து, பழையது இன்று காலை நடந்ததுபோல ஆகிவிடும். அவர் காட்டும் பெரிய உதாரணம் செர்பியா. 1389ல் கொசோவோ போரில் மாண்ட இளவரசர் லாசரின் எலும்புகள் 600 ஆண்டு நிறைவையொட்டி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டன. 1989 ஜூன் 28ல் அந்தப் போர்க்களத்திலேயே செர்பியத் தலைவர் மிலோசெவிச் பேசினார். அடுத்த சில ஆண்டுகளில் போஸ்னியா எரிந்தது.

1997ல் தென்மாவட்டங்களில் நடந்ததை வேறு எந்தக் கோட்பாடும் இவ்வளவு நன்றாக விளக்கவில்லை. பட்டியல் சாதி மக்கள் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது, எதிர்ப்பு கலவரமாயிற்று. அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை எடுத்தது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலியாயிற்று, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடியாயிற்று. பஸ் கட்டணமோ தடமோ ஒரு பைசா, ஒரு மைல் மாறவில்லை. பலகையில் இருந்த பெயர்தான் கூடாரத் துணி. அரசு எடுத்தது நல்ல முடிவு, பொதுச் சொத்திலிருந்து துணியை உருவிவிட்டது. ஆனால் துக்கம் அப்படியே கிடந்தது. அது சிலைக்கும் பேனருக்கும் இடம் பெயர்ந்தது.

தலைவரை எடைபோடவும் வோல்கன் ஓர் அளவுகோல் தருகிறார். ஆதரவாளர்களின் மதிப்பை அவர் எதனால் உயர்த்துகிறார்: பள்ளி, வேலை, நிலம் என்று எதையாவது கட்டியா, எதிர்த்தரப்பைத் தாழ்த்தியா? மேடைப்பேச்சில் கேட்க வேண்டியது வினைச்சொல்லின் காலம். நூறு வருஷத்துக்கு முந்தைய சம்பவம் "செய்தார்கள்" என்பதிலிருந்து "செய்கிறார்கள்" என்று மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய முறைக்கு மூன்று கட்டம். முதலில் நோயறிதல்: தலைவரிடம் மட்டுமல்ல, டீக்கடைக்காரர், பள்ளிப் பிள்ளை வரை பேட்டி, நினைவிடங்களுக்குப் போய்ப் பார்ப்பது. அடுத்து அதே ஆட்களோடு பல நாள் அமர்வுகள், சில மாதங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில். கடைசியாக ஊரில் நிலைக்கும் அமைப்புகள். அமர்வின் தொடக்கத்தில் இரு தரப்பும் போட்டி போட்டுக் குறைகளை அடுக்குவார்கள், அதைத் தடுக்கக் கூடாது. பிறகு திடீரென்று நெருங்குவார்கள், உடனே விலகுவார்கள். அந்த விலகல் தோல்வி அல்ல. நெருங்கிய நாளில் அவசரமாகக் கையெழுத்து வாங்குகிற அதிகாரியின் ஒப்பந்தம்தான் முதலில் உடையும்.

எங்கே வழிதவறுகிறது என்றால், அவருடைய அடிப்படை விதி ஒன்றில். இரு குழுக்களும் "நாங்கள் அவர்கள் அல்ல" என்ற எல்லையைக் காத்துக்கொள்ளவே விரும்பும், அதை மதித்தால் பதற்றம் தணியும் என்கிறார். சைப்ரஸில் துருக்கியரும் கிரேக்கரும் இரண்டு மக்கள், அங்கே இது பொருந்தலாம். இங்கே ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள எல்லைதானே குற்றமே? தனிக் குவளையும், செருப்போடு நடக்க முடியாத தெருவும் காக்க வேண்டிய அடையாளமா? ஏறுவரிசையில் மரியாதை, இறங்குவரிசையில் இகழ்ச்சி என்று அம்பேத்கர் சாதியைச் சொன்னது இதற்காகத்தான். அல்ஜீரியாவில் மருத்துவம் பார்த்த ஃபிரான்ட்ஸ் ஃபனானும், அடிமைப்பட்டவரின் மனக்காயத்தை ஆள்பவரின் பயத்தோடு ஒரே தட்டில் வைக்க மறுத்தார். பழகிய சலுகை போனதால் வரும் வலியும் வலிதான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது 1999 ஜூலை 23ல் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் விரட்டியதில் தாமிரபரணிக் கரையில் 17 உயிர் போனதற்கு ஈடாகாது. "இரு தரப்புக் காயம்" என்று பேசத் தொடங்கும் எந்தக் கூட்டமும் இதை மறந்தால் நியாயமற்றது.

கையில் கயிறு: மூவரும் தடுமாறும் இடம்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பள்ளியில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. வோல்கனைப் படித்தவர், கயிற்றை அறுத்தால் பதற்றம் வேறு சின்னத்தைத் தேடும் என்பார். அதுவும் நடக்கிறது: பைக் ஸ்டிக்கர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

ஆனால் உளப்பகுப்பாய்வுக்கு வெளியே நின்ற சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கே கைகொடுக்கிறார். 1970 வாக்கில் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை, திரையில் காட்டிய புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூடுதலாக மதிப்பிட்டவர், குறைவாக மதிப்பிட்டவர் என்று சொல்லிப் பிரித்தார். உண்மையில் அது கண்டபடி செய்த பிரிவினை. காயமோ முன்னோரோ கிடையாது. அப்படியும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். மொத்தப் பணம் குறைந்தாலும் மற்ற குழுவைவிட வித்தியாசம் கூடுதலாக வர வேண்டும் என்று பலர் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, கயிறு ஆழ்ந்த காயத்தின் அடையாளம் மட்டுமல்ல, பிளவை அன்றாடம் உண்டாக்கும் கருவியும்கூட. எனவே தடை சரி. பெஞ்ச் வரிசை, கபடி அணி, ஆய்வகக் குழு மூன்றையும் ஆசிரியரே கலந்து அமைத்து மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பிள்ளைகளிடமே விட்டால் பழையபடி பிரிந்துகொள்வார்கள்.

துக்கத்துக்கு இந்த மண்ணிலேயே ஒரு வழி இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் இருவரை மணந்து, கிடை காக்கப் போய்க் கொலையுண்ட முத்துப்பட்டன்தான் அந்தத் தெய்வம். ஆடி அமாவாசைக்குப் பல சாதிக்காரர்களும் அங்கே போகிறார்கள். கொலையுண்டவரை மறக்காமல், பழிவாங்கவும் சொல்லாமல், ஆண்டுதோறும் கதை பாடி அழுது முடிக்கும் ஏற்பாடு இது. வோல்கன் தேடியது கிட்டத்தட்ட இதைத்தான். எல்லாக் கொடையும் இப்படி இல்லை, மரியாதைச் சண்டைக்கும் கொடைதான் களம். ஆனாலும் மோதல் நடந்த ஊரில் நோயறியப் போகிறவர், அந்த ஊர் வில்லுப்பாட்டில் எந்தச் சாவு பாடப்படுகிறது, எது பாடப்படுவதில்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

நடைமுறையில் வரிசை இப்படி இருக்கலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பறை வேலை. ஆடிக்கு முன் சப்பரத் தெரு பற்றிய கூட்டங்கள், பியோன் சொன்ன கவனத்தோடு. ஆகஸ்ட், செப்டம்பரில் பேச்சாளர்களைக் கவனிக்க ஃப்ராய்டும் வோல்கனும். நினைவுநாள் இல்லாத தை, மாசியில்தான் நீண்ட அமர்வுகள், ஏனென்றால் கூடாரம் ஆடும்போது யாரும் துக்கம் பேச மாட்டார்கள். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் மாற்றலாகிப் போவார்கள். ஆகவே அமர்வுக் குறிப்புகளின் நகல் தரப்புக்கு ஒருவரிடமும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போன்ற உள்ளூர்க்காரர் ஒருவரிடமும் இருக்க வேண்டும். புதிதாக வரும் அதிகாரியை முதல் வாரத்திலேயே பார்த்து அந்தக் குறிப்புகளை மேசையில் வைப்பது அந்த உள்ளூர்க்காரர் பொறுப்பு.