செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்: சார்த்தருக்குப் பிடித்திருக்க வேண்டிய கோல்ஃப் மைதானம்

நம் தேர்வுகளே நம்மை ஆக்குகின்றன என்ற பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்தரின் இருத்தலியலைக் கையில் மட்டையோடு படிக்க ஆசையா? ஸ்காட்லாந்தின் ஓல்டு கோர்ஸுக்குப் போங்கள். 18 குழி என்ற கணக்கே 1764-இல் இங்கே 22-ஐக் குறைத்ததில் வந்தது. வானத்திலிருந்து இறங்கிய விதி அல்ல; ஆடியவர்கள் கூடி எடுத்த முடிவு.

இடம் பிடிக்க, ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பிற்பகல் 2 மணிக்குள் பேலட் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது இருவர் தேவை, ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப்புக்குச் சான்று கட்டாயம். வழக்கமாக ஞாயிறு விடுமுறை.

மைதானத்தின் உயிர் 17-ஆம் குழியான ரோடு ஹோல். முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து பார்த்தால் ஹோட்டல் கொட்டகை வழியை மறைக்கும். அதன் சுவரிலுள்ள பெயரில் ஓர் எழுத்தைத் தேர்ந்து அதன் மேலாக அடிப்பார்கள். எந்த எழுத்து என்று, பையைச் சுமந்து யோசனை சொல்லும் உதவியாளரான கேடி சொல்வார்; ஆனால் யாரிடம் யோசனை கேட்கிறோம் என்பதே நம் தேர்வுதான் என்பார் சார்த்தர். அதிகம் வலப்பக்கம் போனால் பந்து எல்லைக்கு வெளியே. பயந்து இடப்பக்கம் அடித்தால், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனுக்கும் உங்களுக்கும் நடுவே ரோடு பங்கர் என்ற மணற்பள்ளம் வந்துவிடும். கிரீனைத் தாண்டினால் சாலையும் கல்சுவரும். அங்கே தண்டனையின்றிப் பந்தை நகர்த்தும் இலவச நிவாரணம் இல்லை. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். நாம் கேட்டு வாங்காத நிலைமை, அதற்குள் நம் சுதந்திரம்: சார்த்தரின் பாதித் தத்துவம் அந்தத் தார்ச்சாலையில் கிடக்கிறது.

பங்கரில் விழுந்தால், மணலுக்கான மட்டையான சாண்ட் வெட்ஜின் முகத்தை நன்றாகத் திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்கி, வீச்சை முழுதாக முடியுங்கள். பாதியில் தயங்குவதால்தான் பந்து பங்கரின் சுவரில் மோதித் திரும்புகிறது. சுவரை ஒட்டிக் கிடந்தால் பின்பக்கமாக அடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் 'ஆட முடியாத பந்து' என்று அறிவிக்கலாம்: பந்தைக் கையிலிருந்து விழவிட்டு (டிராப்) பங்கருக்குள்ளேயே ஆட ஓர் அடி தண்டனை, குழியிலிருந்து பந்து வழியாகப் பின்னோக்கிச் செல்லும் கோட்டில் பங்கருக்கு வெளியே டிராப் செய்ய இரண்டு. 1978 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஜப்பான் வீரர் நகஜிமா இரண்டே அடியில் கிரீனை அடைந்தும், பந்தைத் தரையில் உருட்டும் மட்டையான பட்டரால் தட்டிய பந்து இந்த பங்கருக்குள் உருண்டு, அந்தக் குழி 9 அடியில் முடிந்தது. காற்றைக் குறை சொல்வதற்குச் சார்த்தர் வைத்த பெயர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

14-ஆம் குழியின் ஹெல் பங்கர், பாறையை ஓயாமல் மலைமேல் உருட்டும் சிசிபஸைப் பற்றி எழுதிய தத்துவ எழுத்தாளர் காம்யுவுக்கு உரியது. 1995 பிரிட்டிஷ் ஓபனில் கோல்ஃப் ஜாம்பவான் நிக்லஸே அந்தக் குழியை முடிக்க 10 அடி எடுத்தார்.

18-இல் கிரீனுக்கு முன்னுள்ள 'வேலி ஆஃப் சின்' பள்ளத்தில் பந்து நின்றால் வெட்ஜ் வேண்டாம், பட்டரை எடுங்கள். இறுகிய புல்லில் வெட்ஜ் எளிதில் பிசகும். அதே 1995 போட்டியில் இத்தாலிய வீரர் ரோக்கா, கிரீனை நோக்கிய சிறு அடியான சிப்பைச் சொதப்பி, அடுத்த அடியை அந்தப் பள்ளத்திலிருந்து பட்டரால் நேரே குழிக்குள் அனுப்பினார். அதனால் சமநிலை வந்து, அதை முறிக்கும் பிளேஆஃபில் ஜான் டேலி வென்றார்.