கிரேக்கச் சமையலும் ஸ்லோ குக்கரும்: வேலைநாள் மாலைக்கு எது பொருந்தும்?

காலை ஏழரை மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு, மாலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளோடு திரும்பும் ஒரு குடும்பம், குறைந்த சூட்டில் பல மணி நேரம் சமைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். காலையில் போட்டுவிட்டுப் போனால், வந்ததும் சாப்பிட உட்கார முடிய வேண்டும். இடையில் இருப்பது பத்து மணி நேரம். ஆனால் கிரேக்கப் பாணி என்று சொல்லப்படும் ஸ்லோ குக்கர் செய்முறைகளில் பல, ஐந்தாறு மணி நேரத்திலேயே வெந்துவிட்டு, அதன்பின் நேரம் ஆக ஆகச் சுவை இழப்பவை. ஆகவே காலையில் எவ்வளவு எளிதாகப் போடலாம் என்று பார்ப்பதைவிட, வீடு திரும்பத் தாமதமானால் அந்த உணவு தாங்குமா என்றும், வந்த பிறகு எவ்வளவு வேலை மிச்சமிருக்கும் என்றும் பார்ப்பதே சரியான அளவுகோல் என்று கருதுகிறேன். அந்த அளவுகோலைக் கொண்டே கிரேக்க வீடுகளில் வழக்கமாகச் சமைக்கப்படும் சில உணவுகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் பாத்திரத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் 'லோ', 'ஹை' என்ற இரண்டு நிலைகளும் இறுதியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே வெப்பத்தில்தான் வந்து நிற்கின்றன. அந்த வெப்பத்தை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரமே வேறுபடுகிறது. மூடியே இருப்பதால் நீராவி அதிகம் வெளியேறுவதில்லை; உள்ளே ஊற்றிய தண்ணீரும், காயும் கறியும் விட்ட சாறும் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். எனவே குழம்பு சுண்டுவதால் சுவை கூடும் எந்த உணவும் இந்தப் பாத்திரத்தில் பின்தங்கும். நீண்ட நேரம் மூடிய வெப்பத்தில் கிடந்து பக்குவமாகும் உணவுக்கோ இதைவிட இணக்கமான பாத்திரம் கிடையாது.

அத்தகைய உணவு எது என்று கேட்டால், கிரேக்கத்தின் சிஃப்னோஸ் தீவு தெளிவான விடை தருகிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை உணவு ரெவிதாதா என்னும் கொண்டைக்கடலைச் சமையல். ஊறவைத்த கடலை, வெங்காயம், பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய், தண்ணீர் ஆகியவற்றை ஸ்கெபஸ்தாரியா எனப்படும் மூடியுள்ள மண்பானையில் இட்டு, சனிக்கிழமை மாலை விறகு அடுப்பில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் தணியும் சூட்டில் வெந்த பானையை ஞாயிறன்று தேவாலய வழிபாடு முடிந்தபின் எடுத்துச் செல்வார்கள். வியப்பு என்னவென்றால், ஸ்லோ குக்கர் பிறந்த கதையும் இதைப் போன்றதே. அதை உருவாக்கிய அமெரிக்கரான இர்விங் நாக்சன், வில்னியஸ் அருகிலிருந்த ஒரு யூதச் சிற்றூரில் ஓய்வுநாளுக்கான பயறுச் சமையல் பானையை முந்தைய மாலையே ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்பி இரவு முழுதும் வேகவைத்த வழக்கத்தைத் தம் தாய் சொல்லக் கேட்டு, அதிலிருந்து தூண்டுதல் பெற்றார். 1936-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940-இல் அதைப் பெற்றார். 1971-இல் ரைவல் நிறுவனம் அதை 'கிராக்-பாட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயறும் பானையும் ஆளில்லாத நீண்ட இரவும் இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருக்கின்றன. ரெவிதாதா அதில் நன்றாக வருவதற்குக் காரணம் இதுதான்.

செய்முறையும் எளிது. நான்கைந்து பேருக்கு 500 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை முதல்நாள் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் தண்ணீரை வடித்து, நறுக்கிய பெரிய வெங்காயம் மூன்று, பிரிஞ்சி இலை இரண்டு, 120 மில்லி ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றோடு குக்கரில் இட்டு, கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி வெந்நீர் ஊற்றி 'லோ' நிலையில் எட்டு மணி நேரம் வைத்தால் போதும். வதக்குவது, தாளிப்பது என்று எதுவுமில்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்; முன்னதாகச் சேர்த்தால் புளிப்பு கடலையை மென்மையாக விடாது. எட்டு மணி நேரம் முடிந்து, சூட்டைக் காக்கும் நிலையில் இன்னும் இரண்டு மணி நேரம் கிடந்தாலும் கடலை உருவம் குலையாது; வெங்காயம் முழுதும் கரைந்து எண்ணெயோடு சேர்ந்து வழவழப்பான சாறாகிவிடும். கொண்டைக்கடலையைப் பிரஷர் குக்கரில் சில விசிலில் வேகவைக்கப் பழகிய நமக்கு இத்தனை மணி நேரம் எதற்கு என்று தோன்றலாம். பிரஷர் குக்கர் நேரத்தைச் சேமிக்கிறது என்பது உண்மை. ஆனால் விசிலை எண்ணுவதற்கு ஒருவர் அருகிலிருக்க வேண்டும், தோல் பிரிந்து கடலை உடைவதும் உண்டு. தோல் பிரியாமல், உள்ளே வெண்ணெய் போலக் குழைந்த கடலை வேண்டுமென்றால் மெதுவான சூட்டுக்கு ஈடில்லை.

இதற்கு நேர் போட்டியாக முன்வைக்கப்படுவது யிகாந்தெஸ் எனப்படும் பெரிய வெள்ளை மொச்சை போன்ற அவரை விதை. பிரெஸ்பெஸ், கஸ்தோரியா போன்ற வட கிரேக்கப் பகுதிகளில் விளையும் இந்த விதைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு. தக்காளியும் செலரியும் சேர்த்து ஓவனில் சுடப்படும் இந்த உணவு சுவையில் ரெவிதாதாவுக்குக் குறைந்ததன்று. என் நாக்கு இதற்கே முதலிடம் கொடுக்கும். ஆயினும் வேலைநாளுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ராஜ்மாவின் இனத்தைச் சேர்ந்த இத்தகைய விதைகளில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள், நன்கு கொதித்தால்தான் அழியும். கொதிநிலைக்குக் கீழான சூட்டில் அரைகுறையாக வெந்தால் அதன் தீங்கு கூடவும் செய்யும். ஆகவே இரவு முழுதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்து அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே ஸ்லோ குக்கரில் இட வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்க்கச் சொல்லும் எந்தச் செய்முறையையும் நம்பக் கூடாது. அதோடு தக்காளியின் புளிப்பு விதையை இறுகவைக்கும் என்பதால் அதையும் பாதியில்தான் சேர்க்க முடியும். காலையில் அரை மணி நேரமும், நடுவில் வீட்டில் ஒரு ஆளும் தேவைப்படும் உணவை அவசரக் குடும்பத்துக்கான உணவு என்று எப்படிச் சொல்வது?

இறைச்சி உண்போருக்கான போட்டியில் முதலில் வருவது எலுமிச்சையும் ஓரிகானோவும் சேர்த்த கோழியும் உருளைக்கிழங்கும். பிள்ளைகள் விரும்பி உண்பதும் எங்கும் பரிந்துரைக்கப்படுவதும் இதுவே. ஆனால் என் அளவுகோலில் இது எதிர்பார்த்ததைவிடக் கீழேதான் நிற்கிறது. எலும்புடன் கூடிய தொடைத் துண்டுகளுக்கு 'லோ' நிலையில் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் போதும். பத்து மணி நேரத்தில் அவை நார்நாராகப் பிரிந்துவிடும், நெஞ்சுக்கறியோ அதற்கு வெகு முன்பே சக்கையாகிவிடும். நேரத்தைக் குறைப்பதற்காக டைமர் வைத்து, பச்சைக் கோழியை அணைந்திருக்கும் பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிடத்துவதும், உறைந்த கோழியை அப்படியே போடுவதும் பாதுகாப்பானவையல்ல. 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும். இன்னொரு சிக்கல் உருளைக்கிழங்கு. எலுமிச்சைச் சாறு தொடக்கத்திலேயே சேர்ந்தால், கோழி வெந்த நேரத்தில் கிழங்கு கடுக்கென்று நிற்கும். கிரேக்க ஓவனில் சுட்ட எலுமிச்சைக் கிழங்கின் பொன்னிற ஓரமும் மொறுமொறுப்பும் இங்கே கிடைக்கா. மதியம் வரை வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவர் பன்னிரண்டு மணிக்குக் குக்கரைப் போட்டு, எலுமிச்சையை இறுதியில் பிழிந்து, கோழியைப் பத்து நிமிடம் கிரில்லில் காட்டி எடுத்தால் மிக நல்ல உணவு. பூட்டிய வீட்டுக்கு ஏற்றதன்று.

அதே எலுமிச்சையும் அதே கிழங்கும் கிளெஃப்திகோ என்னும் செம்மறிக் கறி உணவில் நேர்மாறாக வேலை செய்கின்றன. திருடன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. உஸ்மானியர் காலத்தில் மலைகளில் மறைந்து திரிந்த, கிளெஃப்துகள் எனப்பட்ட கொள்ளையர்கள், புகை வெளியே தெரியாதபடி குழியில் மூடி ஆட்டிறைச்சியைச் சமைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. எலும்போடு கூடிய செம்மறியின் தோள்பகுதியைப் பூண்டு, ஓரிகானோ, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் தடவி முதல்நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் பெரிய கிழங்குத் துண்டுகளை அடியில் பரப்பி, அதன்மேல் கறியை வைத்து 'லோ' நிலையில் ஒன்பது மணி நேரம் விட்டால், கறியின் இணைப்புத் திசுக்கள் கரைந்து எலும்பிலிருந்து தானாகக் கழலும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். கோழியோடு கிழங்கை வேகவிடாத அதே புளிப்பு, இங்கே ஒன்பது மணி நேரச் சூட்டிலும் கிழங்கு கூழாகிவிடாமல் காக்கிறது. தாமதத்தைத் தாங்குவதில் இதற்கு ரெவிதாதாவுக்கு அடுத்த இடம். விலைதான் தடை, செம்மறித் தோள்பகுதியை வாரந்தோறும் வாங்க எல்லாக் குடும்பங்களாலும் முடியாது.

ஸ்திஃபாதோ கோழிக்கும் கிளெஃப்திகோவுக்கும் நடுவில் நிற்கிறது. மாட்டிறைச்சியோ முயல்கறியோ, ஏறக்குறைய அதே எடைக்கு முழுச் சின்ன வெங்காயம், தக்காளி, வினிகர், பட்டை, ஆல்ஸ்பைஸ், பிரிஞ்சி இலை என்று நம் மூக்குக்குப் பழகிய மணத்தோடு வரும் உணவு இது. எட்டு, ஒன்பது மணி நேரத்தை எளிதாகத் தாங்கும். ஆனால் ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிப்பது எத்தனை பெரிய வேலை என்பதை நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் தோல் இளகும் என்றாலும், இது முதல்நாள் இரவு முடித்துவைக்க வேண்டிய வேலை. வெங்காயத்தையும் கறியையும் எண்ணெயில் சிவக்க வதக்காமல் போட்டால் சாறு வெளிறி, இனிப்பு மட்டும் மிஞ்சும். வைன் சேர்ப்பவர்கள் அதைத் தனியே கொதிக்கவைத்துச் சேர்க்க வேண்டும்; மூடிய பாத்திரத்தில் சாராய நெடி போகாது.

யூவெத்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறியோடு கிரிதராகி என்ற அரிசி வடிவப் பாஸ்தா வேகும் இந்த உணவில், பாஸ்தாவைக் கடைசி அரை மணி நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். காலையிலேயே சேர்த்தால் மாலையில் கிடைப்பது களி.

பீன்ஸ், கத்தரி, சுரைக்காய் வகைகளைத் தாராளமான ஆலிவ் எண்ணெயில் சமைக்கும் லதெரா உணவுகளை ஸ்லோ குக்கரிலிருந்து முற்றிலும் விலக்கிவிடலாம். இவை பக்குவமடைந்ததற்குக் கிரேக்கர்கள் சொல்லும் அடையாளம், உணவு 'தன் எண்ணெயோடு நிற்க வேண்டும்' என்பது. அதாவது தண்ணீரெல்லாம் வற்றி, எண்ணெயும் தக்காளியும் மட்டுமே காயைப் பற்றி நிற்க வேண்டும். நீராவியை வெளியே விடாத பாத்திரத்தில் அந்த நிலை வராது. அடுப்பில் மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலைக்கு எட்டு மணி நேரமும் மின்சாரமும் எதற்கு?

மின்சாரம் என்றதும் ஒரு கணக்கு. 200 வாட் இழுக்கும் ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரத்தில் 1.6 யூனிட் எடுக்கும். நான்கு மணி நேரம் எரியும் ஓவனோடு ஒப்பிட்டால் இது மிதமான செலவு.

ஆகவே பூட்டிய வீட்டுக்கு, வாரத்தின் நடுவில், ரெவிதாதாவையே தயங்காமல் முதலில் வைப்பேன். ரொட்டியும் ஃபெட்டா சீஸும் ஒரு கைப்பிடி ஆலிவ் காயும் இருந்தால் வீடு திரும்பிய பத்தாவது நிமிடத்தில் சாப்பிட உட்காரலாம். கிளெஃப்திகோ மாதத்தில் ஒரு நாள், விருந்தினர் வரும் வேலைநாளுக்கு. ஸ்திஃபாதோவை ஞாயிற்றுக்கிழமை சமைத்துத் திங்களன்று உண்பதே நல்லது. ஒரு இரவு கழிந்தால் வினிகரின் கூர்மை தணிந்து பட்டையின் மணம் கறிக்குள் இறங்கும். சமைத்த பானையை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காமல், அகலமான பாத்திரத்துக்கு மாற்றி விரைவில் ஆறவைக்க வேண்டும். மறுநாள் அதை அடுப்பில் கொதிக்கச் சூடாக்க வேண்டுமே தவிர, மீண்டும் ஸ்லோ குக்கரில் போட்டுச் சூடாக்கக் கூடாது. குக்கர் மெதுவாகச் சூடேறும் அந்த நேரத்தில் கிருமிகள் பெருகிவிடும்.