சிட்னி பக்கத்து ப்ளூ மவுண்டன்ஸ் மலைக்கு ஒரு நாள் டூர்னு 640 டாலர் போச்சு, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்கவங்க படிச்சிட்டு புக் பண்ணுங்க

சனிக்கிழமை போயிட்டு வந்தோம், இன்னிக்கு புதன். இந்த நாலு நாள்ல டூர் புக் பண்ணி குடுத்த அந்த ஆளுக்கு போன், மெசேஜ், மெயில் எல்லாம் பண்ணியாச்சு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து கூப்பிட்டப்ப ரெண்டாவது ரிங்ல எடுத்தாரு, என் குரல் கேட்டதும் கட் பண்ணிட்டாரு. சரி, என் நம்பர பிளாக் பண்ணிட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. கை நடுங்குது, ஆனாலும் இப்பவே எழுதிடறேன், இந்த சனிக்கிழமையும் யாரோ ஒரு குடும்பத்த ஏத்திட்டு போகத்தானே போறாங்க.

அப்பா அம்மா சிட்னிக்கு வந்து ரெண்டரை மாசம் ஆச்சு, அடுத்த வாரம் ஃப்ளைட். அப்பா ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு. ப்ளூ மவுண்டன்ஸ்ல கட்டூம்பாங்கற ஊர்ல இருக்கற அந்த சீனிக் ரயில்வே 52 டிகிரி சரிவுல இறங்கும், பயணிகள் ரயில்லயே உலகத்துல அதுதான் ரொம்ப செங்குத்துன்னு நான் சொன்னதுல இருந்து அவருக்கு அதே நினைப்பு. "மேட்டுப்பாளையம் ஊட்டி லைனே 12 அடிக்கு 1 அடிதான் ஏறும், அதுக்கே பல்சக்கரம் வேணும், இது என்னடி 52 டிகிரி, கம்பிய கட்டி இழுக்கறானா"ன்னு தினமும் கேப்பாரு. அம்மாவுக்கு கங்காருவ கிட்டத்துல பாக்கணும், அவ்ளோதான். என் பொண்ணுக்கு ஏழு வயசு, அவ ஒரு நோட்டுல கங்காரு, கோலா, வாம்பட், எக்கிட்னா, கூக்கபரான்னு எழுதி பக்கத்துல கட்டம் போட்டு வெச்சிருந்தா, பாத்ததும் டிக் அடிக்கறதுக்கு.

நாங்களே ட்ரெயின்ல போயிருக்கலாம். ஆனா அப்பாவுக்கு முட்டி வலி, வீட்டுக்காரருக்கு சனிக்கிழமை ஷிஃப்ட், நான் ஒருத்தியா மூணு பேர சமாளிக்கணுமேன்னு கைடு வெச்ச டூரா பாத்தேன். சோஷியல் மீடியால நம்ம ஆளுங்க குரூப் ஒண்ணுல விளம்பரம் வந்துது. ப்ளூ மவுண்டன்ஸ் அண்ட் வைல்ட்லைஃப், சின்ன குரூப், 13 பேர் வேன், வீட்டு வாசல்ல பிக்கப், வைல்ட்லைஃப் பார்க்ல ரெண்டு மணி நேரம், சீனிக் வேர்ல்ட் (அப்பா கேக்கற அந்த ரயில் இருக்கற இடம்) இன்க்ளூடட், கைடு கூடவே வருவாரு. தலைக்கு 170 டாலர், குழந்தைக்கும் அதே ரேட்டு. நாலு பேருக்கு 680.

நம்பர போட்டேன், அந்தப் பக்கம் தமிழ்! அங்கதான் நான் விழுந்தேன். "அக்கா, உங்க அப்பா அம்மான்னா எங்க அப்பா அம்மா மாதிரி, முட்டி வலின்னா முன் சீட்டே போட்டுடறேன், சுடு தண்ணி ஃப்ளாஸ்க் வேன்லயே இருக்கும், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க"ன்னாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன், "அட நம்ம பக்கம்தான்கா"ன்னாரு. கோலாவ தூக்கி வெச்சு போட்டோ எடுக்கலாமான்னு பொண்ணு பக்கத்துல இருந்து கேக்கறா, "கண்டிப்பா பாப்பா, கட்டிப்புடிச்சே எடுக்கலாம்"னு சொன்னாரு. அப்பவே எனக்கு தோணியிருக்கணும். சிட்னி இருக்கற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல கோலாவ கையில தூக்க சட்டப்படி அனுமதி கிடையாது, பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கலாம் அவ்ளோதான், தூக்கணும்னா குயின்ஸ்லாந்து மாதிரி வேற மாநிலத்துக்கு போகணும். இது எனக்கு தெரியும். தெரிஞ்சும், தமிழ்ல பாசமா பேசறாரே, குழந்தைய சந்தோஷப்படுத்த சொல்றாரு போலன்னு விட்டுட்டேன்.

அடுத்து பணம். "கார்டுல கட்டினா 680 அக்கா, பேங்க் ட்ரான்ஸ்ஃபர்னா 40 டாலர் குறைச்சுக்கறேன், 640 போடுங்க போதும், உங்களுக்காகத்தான்." பேஐடில (போன் நம்பர் மாதிரி ஒண்ண போட்டு நேரா பேங்க்குக்கு பணம் அனுப்பறது) போடறப்ப கம்பெனி பேர் வரல, ஒரு தனி ஆளோட பேர் வந்துது. கேட்டேன், "அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்க பேருக்கா"ன்னாரு. போட்டுட்டேன். 640 டாலர், ஒரு தடவ அமுக்கினதுல போச்சு. அம்மாகிட்ட மொத்தமே 200 டாலர்தான்னு சொல்லி வெச்சிருந்தேன், உண்மைய சொன்னா ரூபாய்க்கு மாத்தி பாத்துட்டு வரவே மாட்டாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தேகாலுக்கு மெசேஜ் வருது, வீட்டு பிக்கப் இல்ல, காலைல 7 மணிக்கு பாராமட்டா ஸ்டேஷன் பக்கம் வந்துடுங்கன்னு. போய் நின்னோம், குளிர்ல அப்பா ஒரு கால மாத்தி ஒரு கால் வெச்சு நிக்கறாரு, 7:50க்கு வண்டி வருது. வேன் இல்ல, பஸ். ஏற்கனவே முப்பது பேருக்கு பக்கம் உக்காந்திருக்காங்க. எங்களுக்கு கடைசி வரிசையும் அதுக்கு முன்னாடி ரெண்டு சீட்டும். முன் சீட் சொல்லியிருந்தாங்களேன்னு டிரைவர்கிட்ட கேட்டா, அவரு எனக்கு யாரும் எதுவும் சொல்லல, நான் வண்டி ஓட்டத்தான் வந்திருக்கேன்றாரு. பாவம், அவர சொல்லி குத்தமில்ல. அவரே டிரைவர், அவரேதான் கைடாம். வழி பூரா வந்த ஒரே அறிவிப்பு, பஸ்ல சாப்பிடாதீங்க.

வழில ஒரு திருப்பத்துல தூரத்து மலை மேல அந்த நீலம் தெரிஞ்சுது, அப்பா ஏன் நீலமா இருக்குன்னு கேட்டாரு. அந்த மலை பூரா யூகலிப்டஸ் காடு, இலைல இருந்து எண்ணெய் ஆவியாகி காத்துல கலக்குது, அதுல வெயில் பட்டு சிதறி அப்படி தெரியுதுன்னு சொல்லுவாங்கப்பான்னு நான்தான் சொன்னேன். காசு குடுத்த கைடு சொல்ல வேண்டியது.

த்ரீ சிஸ்டர்ஸ்ங்கற மூணு பாறைய நின்னு பாக்கற எக்கோ பாயிண்ட் போனா சுத்தமா பனிமூட்டம், கைப்பிடி கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளையா ஒண்ணுமே தெரியல. அது யார் தப்பும் இல்ல, அந்த உயரத்துல அப்படி ஆகும்தான். முதல் நாள் ராத்திரிதான் அம்மாவுக்கு த்ரீ சிஸ்டர்ஸ் கதைய சொல்லியிருந்தேன், மூணு அக்கா தங்கச்சி கல்லா போனாங்கன்னு அங்க சொல்ற கதை, பேரு மீனி, விம்லா, குனெடூ. நம்ம சித்தி பேரும் விமலாங்கறதால அம்மாவுக்கு அந்த நடுப் பாறையோட ஒரு ஒட்டுதலே வந்துடுச்சு. அம்மா கம்பிய புடிச்சிட்டு, முந்தானையால போன் லென்ஸ துடைச்சு துடைச்சு, "விமலா எந்தப் பக்கம்டி இருப்பா"ன்னு கேக்கறாங்க. கொஞ்ச நேரம் காத்திருந்தா விலகும்னு அங்க நின்ன உள்ளூர்க்காரங்க ஒருத்தங்க சொன்னாங்க. டிரைவர் 20 நிமிஷத்துல ஹாரன் அடிச்சிட்டாரு.

அடுத்து சீனிக் வேர்ல்ட். அப்பா பஸ்ல இருந்து முதல் ஆளா இறங்கிட்டாரு. இங்க டிக்கெட் நீங்களே வாங்கணும், 35 நிமிஷத்துல எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துடணும்னு சொல்றாங்க. இன்க்ளூடட்னு போட்டிருந்துதேன்னு போன்ல இருந்த விளம்பரத்த காட்டினேன், இங்க நிறுத்தறதுதான் இன்க்ளூடட் மேடம், டிக்கெட் இல்லைன்னாரு. சனிக்கிழமை கூட்டம், கவுண்டர் வரிசையே கதவு வரைக்கும் இருக்கு, அதுக்கு அப்புறம் ரயிலுக்கு தனி வரிசை. 35 நிமிஷத்துல நடக்கற காரியமா? நான் அந்த ஆளுக்கு போன் மேல போன் போடறேன், எடுக்கல. அப்பா மேல இருந்தே அந்த தண்டவாளம் கீழ இறங்கற இடத்த எட்டி எட்டி பாத்துட்டு, "பரவாயில்லமா, பாத்தாச்சு, கம்பி வடம்தான்"னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டாரு. அந்த பரவாயில்ல இருக்கே, அதுதான் இந்த நாலு நாளா காதுல கேட்டுட்டே இருக்கு.

அப்புறம் பக்கத்து ஊரு லியூரால ஒரு சாவனீர் கடை. தேன், கம்பளி, லெதர் பெல்ட்டு. அங்க மட்டும் ஒரு மணி பத்து நிமிஷம், நான் வாட்ச் பாத்துதான் சொல்றேன். அதுக்குள்ள வெளிய பளீர்னு வெயில் அடிக்குது! எக்கோ பாயிண்ட் அங்க இருந்து கொஞ்ச தூரம்தான், ஒரு பத்து நிமிஷம் திரும்ப போலாமேன்னு நாங்களும் இன்னும் ரெண்டு குடும்பமும் கேட்டோம். டைம் இல்லைன்னுட்டாங்க. பெல்ட் பாக்க டைம் இருக்கு.

கடைசியா வைல்ட்லைஃப். பார்க்குக்கு போகும்னு நினைச்சுட்டே இருக்கோம், பஸ் மெயின் ரோட்ட விட்டு திரும்பி ஒரு புல்வெளி ஓரமா நிக்குது. மத்தியானம் ரெண்டரை மணி. இங்க காட்டு கங்காரு வரும், 15 நிமிஷம் பாத்துட்டு வாங்கன்றாங்க. கங்காரு விடியகாலைலயும் சாயங்காலம் பொழுது சாயறப்பவும்தான் மேய வெளிய வரும், பட்டப்பகல்ல எங்கயாவது நிழல்ல படுத்திருக்கும், இது இந்த ஊர்ல இருக்கற ஸ்கூல் பிள்ளைக்கு கூட தெரியும். அம்மா புல்லுக்குள்ள குனிஞ்சு பாத்துட்டு, ஆட்டுப் புழுக்கை மாதிரி கறுப்பா காஞ்சு கிடந்தத காட்டி, "இது அதோடதான்டி, வந்துட்டு போயிருக்கு"ன்னு பேத்திகிட்ட சொல்றாங்க, குழந்தை முகம் வாடக்கூடாதேன்னு. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. பார்க்கிங் கிட்ட குப்பைத்தொட்டி மேல மஞ்சக் கொண்டை வெச்ச ஒரு வெள்ளை காக்கட்டூ உக்காந்திருந்துது. அது லிஸ்ட்லயே இல்ல. பொண்ணு கடைசில அத எழுதி அதுக்கு மட்டும் டிக் அடிச்சா. பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல காடு, 2000ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா அறிவிச்சது, அதுக்குள்ள போயிட்டு வந்து என் குழந்தை பாத்தது எங்க வீட்டு பால்கனிக்கு தினமும் வர்ற பறவைய.

ஞாயித்துக்கிழமை காலைல அந்த ஆளு போன எடுத்தாரு. இப்ப அக்கா இல்ல, மேடம். தமிழும் இல்ல, முழுக்க இங்கிலீஷ். வெதர் எங்க கையில இல்ல மேடம். வைல்ட்லைஃப் எப்பவுமே கேரண்டி கிடையாது மேடம். வெதர பத்தி நான் பேசவே இல்ல, பார்க் டிக்கெட்டும் சீனிக் வேர்ல்ட் டிக்கெட்டும் எங்கன்னு கேட்டேன். மேனேஜர்கிட்ட கேட்டு சொல்றேன்னாரு. திங்கக்கிழமை, மேனேஜர் லீவு. செவ்வாய்க்கிழமை, நாங்க ஏஜென்ட்தான், வண்டி ஓட்டினது வேற ஆப்பரேட்டர், அவங்ககிட்ட பேசுங்க. ஆப்பரேட்டர் நம்பர் குடுங்கன்னா, பாலிசிப்படி குடுக்க முடியாது. அப்புறம் ஒரு மெயில், நோ ரீஃபண்ட், ஆனா நல்லெண்ணத்துல அடுத்த டூருக்கு தலைக்கு 20 டாலர் தள்ளுபடி தர்றாங்களாம். அந்த குரூப்ல நான் போட்ட கமெண்ட்ட பத்து நிமிஷத்துல தூக்கிட்டாங்க, அட்மின்கிட்ட கேட்டா நாங்க விளம்பரத்துக்கு பொறுப்பில்லன்னு பதில்.

பேங்க்ல கேட்டேன். கார்டுல கட்டியிருந்தா சார்ஜ்பேக், அதாவது கார்டு வழியா பணத்த திரும்ப கேட்டு பாக்கலாம், நீங்களே ட்ரான்ஸ்ஃபர் பண்ணினதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, வண்டியும் வந்துது நீங்களும் போனீங்க, இது ஃப்ராடு கணக்குல வராது, வியாபார தகராறுன்னுட்டாங்க. 40 டாலர் மிச்சம் புடிக்கப் போய் 640 டாலர்.

நோ ரீஃபண்ட்னு மெயில் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி சொன்ன சேவைய சொன்ன மாதிரி தரலைன்னா கேக்க நமக்கு உரிமை இருக்கு, எந்த சூழ்நிலையிலயும் ரீஃபண்ட் இல்லைன்னு சொல்றதே சட்டத்துக்கு விரோதம். விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், மெசேஜ், ட்ரான்ஸ்ஃபர் ரசீது எல்லாம் வெச்சு இன்னிக்கு காலைல நுகர்வோர் புகார பாக்கற அரசாங்க ஆஃபீஸ், என்எஸ்டபிள்யூ ஃபேர் டிரேடிங்ல கம்ப்ளைண்ட் போட்டாச்சு. அவங்க பேசி சரியாகலைன்னா இந்த மாதிரி வழக்க விசாரிக்கற என்கேட் ட்ரிப்யூனல் இருக்கு, அதுக்கும் போவேன்.

விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், பொண்ண ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர நேரமாச்சு. அதனால சுருக்கமா. பேங்க் ட்ரான்ஸ்ஃபர் மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, டிஸ்கவுண்ட்னு சொன்னா அங்கயே போன வெச்சிடுங்க. ஏபிஎன், அதாவது கம்பெனியோட பிசினஸ் நம்பர கேட்டு அரசாங்க சைட்ல போட்டு பாருங்க, ஃப்ரீதான். இன்க்ளூடட்னா டிக்கெட்டா, வெறும் ஸ்டாப்பான்னு எழுத்துல வாங்குங்க, எந்த பார்க், எத்தன மணி நேரம், பேரோட. சிட்னி பக்கத்துல கோலாவ தூக்கலாம்னு யாராவது சொன்னா அது பொய், அந்த ஒண்ணே போதும் விலகறதுக்கு. தமிழ்ல பேசறாங்கன்னு நம்பாதீங்க, இத எழுதவே கஷ்டமா இருக்கு.

வர்ற சனிக்கிழமை வீட்டுக்காரர் லீவு போட்டிருக்காரு. சென்ட்ரல்ல இருந்து கட்டூம்பாவுக்கு ட்ரெயின்லயே ரெண்டு மணி நேரம்தான், ஸ்டேஷன் வாசல்லயே எக்கோ பாயிண்ட்டுக்கு பஸ் இருக்கு, அங்க நின்னு பாக்க டிக்கெட்டே கிடையாது. ட்ராக்வொர்க் (தண்டவாள வேலை) இருக்கான்னு மட்டும் முதல் நாளே பாத்துக்கணும், வீக்எண்ட்ல அடிக்கடி ட்ரெயினுக்கு பதிலா பஸ் விட்டுடுவாங்க. அப்பாவுக்கு சீனிக் ரயில்வே டிக்கெட் ஆன்லைன்ல எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை டூன்சைட் பக்கம் இருக்கற வைல்ட்லைஃப் பார்க், அது மலைமேல கூட இல்ல, சிட்னிக்குள்ளயே இருக்கு. ஃபேர் டிரேடிங்ல இருந்து பதில் வந்தா இதுலயே அப்டேட் போடறேன். அதே பஸ்ல அன்னிக்கு வந்தவங்க யாராவது இத படிச்சா மெசேஜ் பண்ணுங்க, எக்கோ பாயிண்ட்டுக்கு திரும்ப போலாம்னு என்கூட சேந்து கேட்ட அந்த ரெண்டு குடும்பமும், உங்க ரசீதும் இருந்தா கேஸுக்கு பலமா இருக்கும்.