வீட்டு நெட்வொர்க்கைச் சரிசெய்கிறோம் என்று ரிமோட்டில் வருபவர்களிடம் ஜாக்கிரதை

புது ரவுட்டர் இரண்டு வாங்கும் பணம் போய்விட்டது. வேலையும் நடக்கவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் ஒரு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப். இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன, இரண்டிலும் இணையம் ஓடுகிறது. ஆனால் டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் பட்டியலில் லேப்டாப் தெரியவே இல்லை. தேடலில் முதலில் வந்த ஒரு ரிமோட் உதவிச் சேவையை அழைத்தேன். பேசியவர் அவ்வளவு நிதானம். எந்த விண்டோஸ், என்ன ரவுட்டர், பிரிண்டரையும் பகிர வேண்டுமா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பித்தான் இரண்டு கணினிகளையும் திறந்துவிட்டேன். உடனே விண்டோஸ் தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டினார். "பாருங்க, நெட்வொர்க் முழுக்க வைரஸ். அதான் ஒண்ணு இன்னொண்ணுக்குத் தெரியல" என்றார். நன்றாக ஓடும் கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும்! அதைக் காட்டித்தான் ஒரு வருடப் பாதுகாப்பு லைசென்ஸை என் தலையில் கட்டினார்.

அப்புறமும் லேப்டாப் தெரியவில்லை. கேட்டால், "சீனியர் டெக்னீஷியன் கூப்பிடுவார்." யாரும் கூப்பிடவில்லை. மறுபடி கேட்டால், "உங்க ரவுட்டர் பழசு, மாத்துங்க." இரண்டு ரவுட்டர் பணத்தை வாங்கிக்கொண்டு இதைச் சொல்கிறார்கள்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும், லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது, விதியில் இடமில்லை என்று வைத்துவிட்டார்கள்.

இதைவிடக் கொடுமை, இரண்டு கணினிகளிலும் வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்து, கோப்புகளைப் பகிரும் பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான்.

உண்மையான காரணம் என்ன தெரியுமா? லேப்டாப்பில் வைஃபை 'பப்ளிக்' என்று இருந்தது. அப்படி இருந்தால் விண்டோஸ் தன்னை மற்றக் கணினிகளுக்குக் காட்டாது. 'பிரைவேட்' ஆக்கி, கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவும் நெட்வொர்க் டிஸ்கவரியை ஆன் செய்தேன், வந்துவிட்டது. இதற்கா இரண்டு ரவுட்டர் பணம்?

ஒரு கணினி விருந்தினருக்கான தனி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இப்படி ஆகும், அதையும் பாருங்கள். ஈவென்ட் வியூவரைக் காட்டிப் பயமுறுத்தினால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். ஃபயர்வாலை அணைக்க விடாதீர்கள். ஏற்கனவே உள்ளே விட்டிருந்தால் ரிமோட் செயலியை நீக்குங்கள், வேறு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், வங்கிக்கு உடனே சொல்லுங்கள். நான் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.