'5 மில்லிவாட்' ஸ்டிக்கர் ஒட்டி வந்த பச்சை லேசர்: வாங்கும் முன் படியுங்கள்

முதல்முறையாக லேசர் பாயின்டர் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பச்சை லேசரை ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள். எங்களுக்கு வந்தது ஒரு பிள்ளையின் பார்வையைக் கெடுத்திருக்கும்.

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் அவ்வப்போது பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறோம். "அந்தத் தென்னைக்கு மேலே, கொஞ்சம் இடது பக்கம்" என்று கை நீட்டினால் ஒருவருக்கும் புரியாது. பச்சை லேசர் என்றால் இருட்டில் கற்றையே கோடாகத் தெரியும். அதற்கு 5 மில்லிவாட் பவர் தாராளம். அதனால் '5 மில்லிவாட், கிளாஸ் 3ஆர்' என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருந்ததைத் தேடித்தான் ஆர்டர் செய்தேன். (கிளாஸ் என்பது லேசர் எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்பு வகை. எண் ஏற ஏற ஆபத்தும் கூடும்.)

வந்தது, சாவி போட்டுப் பூட்டும் கறுப்பு '303' மாடல். பெட்டியில் தயாரித்தவர் பெயரோ முகவரியோ கிடையாது. கூடவே வந்த 18650 சைஸ் பேட்டரியில், கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த சைஸ் பேட்டரியில் பெயர்பெற்ற கம்பெனிகளே சுமார் 3500தான் தருகின்றன. பேட்டரியில் இப்படிப் புளுகுகிறவன் லேசரில் மட்டும் உண்மை சொல்வானா? பிள்ளைகள் வருவதற்கு முன்பே, தூரத்துச் சுவரில் ஒரு நொடி அடித்தேன். சுண்ணாம்புச் சுவரில் விழுந்த புள்ளியையே பார்க்க முடியவில்லை, அப்படிக் கூசியது. கண்ணை மூடினால் அதே இடத்தில் ஒரு திட்டு மிதந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

மூன்றாவது மாடியில் இருக்கும் இயற்பியல் பேராசிரியரிடம் கொடுத்தேன். கல்லூரி லேபில் பவர் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தவர், "இதை எடுத்துட்டுப் பிள்ளைங்க பக்கமே போகாதம்மா" என்றார். பச்சை மட்டும் 60 மில்லிவாட்டைத் தாண்டியிருக்கிறது. அதோடு, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒரு 20 மில்லிவாட்.

அந்த அகச்சிவப்பு எங்கிருந்து வருகிறது என்றும் விளக்கினார். இந்த வகைப் பேனா லேசர் நேரடியாகப் பச்சை ஒளியை உண்டாக்குவதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு டயோடு ஒன்று இருக்கிறது. அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்குகிறது. இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாகத் தருகிறது. மிச்சம் கசியும் அகச்சிவப்பைத் தடுக்கக் கடைசியில் ஒரு ஃபில்டர் வேண்டும். மலிவுச் சரக்கில் மிச்சம் பிடிப்பது அந்த ஃபில்டரில்தான். பளிச்சென்ற ஒளி பட்டால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. பச்சை மங்கலாக இருக்கிறது என்பதால் பேனா பலவீனம் என்றும் நினைக்க முடியாது: அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 2010இல் சோதித்த ஒரு மலிவுப் பேனாவில் பச்சை மங்கல், அகச்சிவப்போ 20 மில்லிவாட்டை ஒட்டி இருந்தது. அதே நிறுவனம் 2013இல் 122 பாயின்டர்களை அளந்த முடிவை வெளியிட்டது. பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதம், சிவப்பில் 44 சதவீதம் அந்நாட்டு விதிகளை மீறியிருந்தன.

விற்றவரை அழைத்தேன். "பவர் ஜாஸ்தியா இருந்தா உங்களுக்கு லாபம்தானே மேடம்?" என்றார். பொருள் வேலை செய்கிறது, அதனால் ரிட்டர்ன் கிடையாதாம். அளந்த விவரத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

வகுப்புக்கோ மீட்டிங்குக்கோ என்றால் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட கிளாஸ் 2 சிவப்பே போதும். 650ஐ விட 635 நானோமீட்டர் அதே பவரில் இன்னும் பளிச்சென்று தெரியும். வானம் காட்டப் பச்சை வேண்டுமானால் 5 மில்லிவாட்டுக்கு மேல் போகாதீர்கள். தயாரித்தவர் பெயர், அலைநீளம், அதிகபட்ச பவர், கிளாஸ், ஐஇசி 60825-1 என்ற சர்வதேச லேசர் பாதுகாப்புத் தரக்குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். பில் தரும் கடையாகவும் இருக்க வேண்டும். விளம்பர வீடியோவில் தீக்குச்சி பற்றுகிறதா, பலூன் வெடிக்கிறதா, பாருங்கள். 5 மில்லிவாட்டால் அது ஆகாது. இரண்டில் ஒன்று பொய். லேசரோடு இலவசமாக வரும் சிவப்பு மூக்குக்கண்ணாடியையும், கூலிங் கிளாஸையும் நம்பவே வேண்டாம்.

நல்ல பேனாவாக இருந்தாலும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம், பைக் கண்ணாடி, ஜன்னல் மேல் அடிக்காதீர்கள், தெறித்து வரும். விமானம் தெரிந்தால் உடனே அணையுங்கள். சென்னையில் இறங்க வந்த விமானங்கள் மேல் லேசர் அடித்த செய்திகள் 2025இல் வந்தன. அது குற்றம், விமானியின் கண் கூசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. திருவிழாக் கடைகளில் விற்கும் சாவிக்கொத்து லேசரும் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் அது தனி ஆபத்து.

யார் கண்ணிலாவது பட்டு, திட்டு மறையாமல் நின்றாலோ எழுத்து வளைந்து தெரிந்தாலோ, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். அந்த லேசரையும் பேட்டரி கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.