தேன்மதுவின் வீரியத்தை அளக்க ஒரு கண்ணாடி ஹைட்ரோமீட்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒயின், பீர் செய்யும் சாமான்களை விற்கும் கடையொன்றில் வாங்கிய, மூன்று அளவுகோல்கள் கொண்ட கண்ணாடி ஹைட்ரோமீட்டரை, அதாவது திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவியை, வீட்டுத் தேன்மதுவுக்குப் பயன்படுத்தி வருகிறேன். கோசா மக்கள் தலைமுறைகளாகத் தேனைப் புளிக்கவைத்து இக்கிலிக்கா செய்துவரும் நாடு இது. ஆனால் தேன்மதுவின் வீரியத்தை நாக்கால் கணிக்க முடியாது. இனிப்பு அதை மறைத்துவிடும். புரட்டாசி விரதம் முடிந்து வரும் உறவினர்கள் டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் வண்டி ஓட்டித் திரும்ப வேண்டியவர்கள் என்பதால், கோப்பையில் இருப்பது எவ்வளவு என்று அவர்களுக்குச் சொல்வது என் கடமை என்றே கருதுகிறேன்.

சர்க்கரை மிகுந்த கரைசலில் கருவி உயர்ந்து மிதக்கும். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாறத் தாழும். நொதிக்கும் முன் எடுத்த தொடக்க அடர்த்தி அளவிலிருந்து, நொதித்து முடிந்தபின் எடுத்த முடிவு அளவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு கிடைக்கும். 1.098இல் தொடங்கி 1.002இல் நின்ற தேன்மதுவில் அது சுமார் 12.6.

என் கருவி 20 டிகிரி வெறும் நீரில் 1.000க்குப் பதிலாக 1.002 காட்டுகிறது, உள்ளே ஒட்டிய தாள் சற்று நகர்ந்திருக்கும். இரண்டு அளவுகளிலும் அதே பிழை இருப்பதால் கழிக்கும்போது அது அடிபட்டுப்போகிறது. இரண்டு அளவுகளையும் வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்தால் வெப்பநிலைப் பிழை அப்படி அடிபடுவதில்லை. டர்பன் கோடையின் 28 டிகிரியில் கருவி ஏறத்தாழ 0.002 குறைத்துக் காட்டும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தேன் சரியாகக் கரையாமல் அடியில் தங்கியிருந்தாலும் தொடக்க அளவு பொய்யாகிவிடும். நொதிக்கும் மதுவில் வாயுக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக் கருவியை மேலே தூக்குவதால், விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றி அவற்றை உதிர்த்துவிட்டு, திரவ மட்டத்தின் குழிந்த அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்கிறேன்.

பெரிய குறை, உடன் வந்த துண்டுத்தாள்தான். மூன்றாம் அளவுகோல், இருக்கும் சர்க்கரை முழுவதும் நொதித்தால் வரக்கூடிய ஆல்கஹாலையே காட்டுகிறது. அதைத் தாள் விளக்கவில்லை. முதல் நாளே அந்த எண்ணைப் பார்த்துச் சீசாவில் எழுதி ஒட்டுபவர்கள், ஈஸ்ட் பாதியில் நின்றுபோனால் தவறான தகவலையே தருவார்கள்.

அதே கடையில் விற்கும், சில துளிகளை ஊற்றி ஆல்கஹாலை அளந்து பார்க்கும் வினோமீட்டரைப் பரிந்துரைக்க மாட்டேன். மீந்த சர்க்கரை அதன் கணக்கைக் கெடுத்துவிடும். ஹைட்ரோமீட்டர் வாங்குவோர் அதை மிதக்கவிட உயரமான பிளாஸ்டிக் உருளையையும் தனியே கேட்டு வாங்க வேண்டும். இனிப்புக்காகப் பிறகு தேன் சேர்ப்பதானால், முடிவு அளவை அதற்கு முன்பே எடுத்துக் குறித்துவிட வேண்டும்.